803 முதல் 1275 வரை: ஒஸ்டினின் ஏ வரிசை எஞ்சின் 49 ஆண்டுகள் நிலைத்தது எதனால்?

ராம்பொடைப் பாதை (கொத்மலை):

1951 ஒக்டோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் ஒஸ்டின் ஏ30 என்ற சிறு கார் முதன்முதலாக மக்களின் பார்வைக்கு வந்தது. அதன் பொனட்டுக்குள் இருந்த 803 சி.சி. ஏ வரிசை எஞ்சின் வெறும் 28 குதிரைவலுவைத்தான் தந்தது. அந்த எஞ்சினின் நேர் வழித்தோன்றலான 1275 சி.சி. வடிவம், 2000 ஒக்டோபர் 4ஆம் திகதி பேர்மிங்ஹாமுக்கு அருகிலுள்ள லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கடைசிப் பழைய மினியிலும் இருந்தது. இடைப்பட்ட 49 ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு கோடியே நாற்பது இலட்சம் எஞ்சின்கள் தயாராகியிருக்கின்றன.

மலையகத்தில் இந்த எஞ்சின் ஓடிய கார்களைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. துரைமாரின் பங்களாக்களிலும், பெரிய கிளாக்கர் ஐயாக்களின் வீட்டு முற்றங்களிலும், ஹட்டன், பதுளை டவுன்களில் வாடகைக்கு நின்ற வரிசைகளிலும் மொரிஸ் மைனர் இருந்தது. இன்றும் சில நிற்கின்றன, சில ஓடுகின்றன. என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அதைப் பராமரித்துவருவதால் எழுந்த கேள்வியைத்தான் இங்கே வைக்கிறேன். கிராங்க் தண்டைத் தாங்க மூன்றே மெயின் பெயாரிங், சிலிண்டர்களின் மேல்மூடியாக வார்ப்பிரும்பு ஹெட், அடியிலுள்ள கேம் சாஃப்ட்டிலிருந்து புஷ் ரொட் என்ற கம்பிகள் தள்ளித் திறக்கும் வால்வுகள் என்று எல்லாமே பழைய முறையாக இருந்த ஓர் எஞ்சினை, உலகமே வால்வுகளுக்கு மேலேயே சுழலும் மேல்நிலைக் கேம் சாஃப்ட்டுக்கு மாறிய பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து செய்திருக்கிறார்கள். அதன் குணம் அவ்வளவு நல்லதா, அல்லது வேறு காரணம் உண்டா? என் எண்ணம், குறைந்த சுழற்சியிலேயே அது தரும் இழுவைதான் அதைக் காப்பாற்றியது என்பது. விபரம் அறிந்தவர்கள் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பேராதனைப் பொறியியல் மாணவி:

ஐயா, கேள்விக்குப் போகுமுன் இந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட்டால் பின்னால் வரும் விவாதம் தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

இது வெறும் தாளிலிருந்து பிறந்ததன்று. ஒஸ்டின் நிறுவனம் 1947இல் ஏ40 டெவன் காருக்காக 1200 சி.சி. எஞ்சின் ஒன்றைச் செய்திருந்தது. அதன் அமைப்பைச் சிறிதாக்கியே எரிக் பேரம் என்ற வரைபொறியாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 803 சி.சி. வடிவத்தை வரைந்தார்கள். சிலிண்டரின் குறுக்களவு ஏறத்தாழ 58 மில்லிமீற்றர். பிஸ்டன் நடைநீளம் 76.2 மில்லிமீற்றர், அதாவது சரியாக மூன்று அங்குலம். எரிகலத்தின் வடிவத்தைத் தீர்மானித்தவர் ஹரி வெஸ்லேக் என்ற ஆலோசகர். மேலிருந்து பார்த்தால் இதய வடிவில் தெரியும் அந்த எரிகலம்தான் இவ்வளவு சிறிய, மலிவான எஞ்சினுக்குக் குறைந்த செலவில் நிறைந்த எரிப்பைக் கொடுத்தது.

பெற்றோல் தொடர்பான உறுப்புகளை ஒரு பக்கமும், மின்சாரம் தொடர்பானவற்றை மறுபக்கமும் பிரித்து வைத்ததை நான் மிகவும் மதிக்கிறேன். பெற்றோலைக் காற்றுடன் கலக்கும் கார்பரேட்டரும், புகையை வெளியே கொண்டுபோகும் எக்சோஸ்ட் மனிஃபோல்டும் இடப்பக்கம் இருக்க, டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, பிளக்குகள் எல்லாம் வலப்பக்கம் இருந்தன. பழுதுபார்ப்பவரின் கையைப் பற்றி யோசித்த வரைபு அது.

ஆனால் இதே அமைப்பில்தான் எஞ்சினின் பெரிய குறையும் ஒளிந்திருந்தது. கேம் சாஃப்ட்டும் இடப்பக்கமே இருந்ததால், புஷ் ரொட்டுகள் மனிஃபோல்ட் இருந்த பக்கமாகவே ஹெட்டுக்குள் ஏற வேண்டியிருந்தது. அவற்றுக்கு வழிவிட்ட பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி வாயில் வைக்க இடம் மிஞ்சவில்லை. எனவே நான்கு சிலிண்டருக்கு ஐந்தே வாயில்கள் அமைந்தன. கலவை உள்ளே போக இரண்டு. புகை வெளியேற மூன்று, அவற்றில் நடுவாயிலை இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்கள் பகிர்ந்துகொள்ளும். கடைசி நாள்வரை இந்த எண்ணிக்கை மாறவேயில்லை.

பழைய கராஜ் (ஹட்டன்):

தங்கை எழுதியது அத்தனையும் சரி. இழுவை பற்றி ஐயா கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் கியரின் பங்கைப் பிரிக்காமல் எஞ்சினை மட்டும் புகழ்வது முறையாகாது.

மைனருக்கு இந்த எஞ்சின் 1952இல் வந்தது. அந்த ஆண்டுதான் ஒஸ்டினும் மொரிஸின் தாய்நிறுவனமான நஃபீல்டும் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன் உருவானது. அதற்கு முன் மைனரில் இருந்தது 918 சி.சி. பக்கவால்வு எஞ்சின், அதன் வலு 27.5 குதிரை. முதற்காலத்து வண்டிகளில் அதற்கு நீர்ப்பம்பு கிடையாது. சூடான நீர் தானாக மேலெழுந்து ரேடியேட்டருக்குப் போக, குளிர்ந்த நீர் கீழிருந்து திரும்பி வரும். சமவெளியில் அது போதும். கினிகத்தேனையிலிருந்து வட்டவளை நோக்கி இரண்டாம் கியரில் நீண்ட நேரம் ஏறும் வண்டிக்கு அது போதாது. அந்த இடத்தில் 803 வந்தபோது கன அளவு குறைந்தது, வலுவோ 30 குதிரையாகக் கூடியது, நீர்ப்பம்பும் சேர்ந்தே வந்தது.

ஆனாலும் 803இன் முறுக்குவிசை பழைய பக்கவால்வு எஞ்சினை விடப் பெரிதாகக் கூடவில்லை. அதை ஈடுசெய்யப் பின்அச்சின் விகிதத்தை, அதாவது பின்சக்கரம் ஒருமுறை சுற்ற அச்சுக்கு வரும் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற எண்ணை, 4.55இலிருந்து 5.286ஆக மாற்றினார்கள். அந்த விகிதம்தான் வண்டியை ஏற்றியது. எஞ்சினோ அலறிக்கொண்டே ஏறியது. மூன்றாம் கியருக்கும் மேல்கியருக்கும் இடையிலான இடைவெளியும் பெரிதாக இருந்ததால், மேல்கியரில் மூச்சுத் திணறும் வண்டியை மூன்றாவதுக்கு இறக்கினால் சத்தம் மட்டும்தான் மிஞ்சும்.

1956இல் வந்த 948 சி.சி.யிலிருந்துதான் இது உண்மையான மலை எஞ்சின் ஆனது என்பது என் தீர்மானமான கருத்து. குறுக்களவை 62.9 மில்லிமீற்றருக்குக் கூட்டினார்கள். பெயாரிங்குகளை ஈயவெண்கலத்துக்கு மாற்றினார்கள். இந்த எஞ்சினுடன் வந்த மைனர் 1000இல் 37 குதிரைவலு கிடைத்தது, கியர் விகிதங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கின, பின்அச்சு மறுபடி 4.55க்கு வந்தது. 1962இல் 1098 சி.சி. வந்தபோது வலு 48 ஆனது. 2500 சுழற்சியிலேயே முழு முறுக்குவிசையும் கிடைத்ததால் பின்அச்சை 4.22 வரை இறக்க முடிந்தது. 803இலிருந்து 1098 வரை பின்அச்சு எண் இறங்கிக்கொண்டே வந்ததைப் பாருங்கள். எஞ்சின் தன் கடமையைத் தானே ஏற்றுக்கொள்ளத் தொடங்கிய வரலாறு அந்த மூன்று எண்களில் இருக்கிறது.

பண்டாரவளை ஆசிரியர்:

நண்பர்களின் விளக்கங்கள் மிகவும் பயனுள்ளவை. ஆனால் மூலக்கேள்விக்கான விடையில் நான் வேறுபடுகிறேன். லோங்பிரிட்ஜில் எவரும் ராம்பொடை ஏற்றத்தை நினைத்து இந்த எஞ்சினைத் தொடர்ந்து செய்யவில்லை. அது நிலைத்ததற்குப் பொருளாதாரமே காரணம்.

அன்றைய ஒஸ்டின், சிலிண்டர்கள் அமையும் இரும்பு உடலான எஞ்சின் கட்டைகளைத் துளையிட்டுக் கடைந்து அடுத்த கட்டத்துக்குத் தானாகவே நகர்த்தும் பெரிய இயந்திர வரிசைகளில் முதலீடு செய்திருந்தது. அத்தகைய வரிசை ஒன்றை ஒரு குறிப்பிட்ட கட்டையின் நீளத்துக்கும் உயரத்துக்கும் அமைத்துவிட்டால், அந்த அளவுகளை மாற்றுவது புதிய தொழிற்சாலை கட்டுவதற்குச் சமமான செலவாகும். ஆகவே கட்டையின் வெளியளவை மாற்றாமல் உள்ளே மட்டும் மாற்றும்படி பொறியாளர்கள் கட்டாயப்படுத்தப்பட்டார்கள்.

மினியின் கதையும் இதற்குச் சான்று. 1956இல் சூயஸ் நெருக்கடியால் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது, சிக்கனமான சிறிய கார் ஒன்றை விரைவாகச் செய்யும் பொறுப்பை பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷனின் தலைவர் லெனார்ட் லோர்ட், பொறியாளர் அலெக் இசிகோனிஸிடம் கொடுத்தார். ஏற்கெனவே உற்பத்தியில் உள்ள எஞ்சினையே பயன்படுத்த வேண்டும் என்பது அதில் முக்கியமான நிபந்தனை. இசிகோனிஸ் அந்த எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, கியர் பெட்டியை அதன் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே அமைத்து, இரண்டுக்கும் ஒரே எண்ணெயைக் கொடுத்தார். 948 சி.சி. எஞ்சினுடன் ஓட்டிப் பார்த்த மாதிரி வண்டி மணிக்கு ஏறத்தாழ 145 கிலோமீற்றரைத் தொட்டது. அந்தச் சிறிய காருக்கு அது மிகையான வேகம் என்று கருதி, நடைநீளத்தை 68.26 மில்லிமீற்றராகக் குறைத்து 848 சி.சி. ஆக்கி, 1959 ஓகஸ்ட் 26 அன்று வெளியிட்டார்கள்.

அதே இசிகோனிஸ் 1960களின் இறுதியில் 9எக்ஸ் என்ற திட்டத்தில் மேல்நிலைக் கேம் சாஃப்ட் கொண்ட புதிய, இலேசான எஞ்சின் ஒன்றை வரைந்தார். அது கைவிடப்பட்டது. 1970களில் ஏ வரிசைக்கே மேல்நிலைக் கேம் சாஃப்ட் பொருத்திச் சோதித்தார்கள், அதுவும் கைவிடப்பட்டது. 1980இல் மெட்ரோ கார் வந்தபோது பழைய எஞ்சினையே வலுப்படுத்தி ஏ பிளஸ் என்று பெயரிட்டார்கள். புதிய எஞ்சினுக்குப் பணம் இல்லாத நிறுவனம், கையில் இருந்ததைச் செம்மைப்படுத்திக்கொண்டே போனது. இதை எஞ்சினின் பெருமையாக மட்டும் பார்ப்பது பாதி வரலாறுதான்.

ராம்பொடைப் பாதை (கொத்மலை):

ஆசிரியர் ஐயா சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் பணமில்லாத நிறுவனங்கள் பல இருந்தன. அவற்றின் பழைய எஞ்சின்கள் எல்லாம் அரை நூற்றாண்டு தாங்கவில்லை. செம்மைப்படுத்தச் செம்மைப்படுத்த ஏற்றுக்கொள்ளும் இயல்பு முதல் வரைபிலேயே இருந்திருக்க வேண்டும் அல்லவா? 28 குதிரைக்காக வரையப்பட்ட கட்டை, 1982இன் எம்.ஜி. மெட்ரோ டர்போவில் 93 குதிரையைத் தாங்கியிருக்கிறது. அதைப் பற்றித் தங்கை விளக்கினால் நல்லது.

பேராதனைப் பொறியியல் மாணவி:

இரண்டு பேரும் ஒரே பொருளின் இரண்டு பக்கங்களைச் சொல்கிறீர்கள் என்பது என் வாசிப்பு. கட்டையின் வெளியளவு மாறக்கூடாது என்ற கட்டுப்பாடு பொருளாதாரத்திலிருந்து வந்தது. அந்தக் கட்டுப்பாட்டுக்குள் இவ்வளவு மாற்ற முடிந்தது பொறியியலிலிருந்து வந்தது.

803இல் ஒவ்வொரு சிலிண்டரைச் சுற்றியும் நீர் ஓட இடம் இருந்தது. 948க்குப் போகும்போது முதலாவது, இரண்டாவது சிலிண்டர்களுக்கு இடையிலும், மூன்றாவது, நான்காவது சிலிண்டர்களுக்கு இடையிலும் இருந்த நீர்வழியை மூடிச் சுவர்களை ஒட்டவைத்தார்கள். குறுக்களவைக் கூட்ட அப்படித்தான் இடம் கிடைத்தது. 1098க்காகக் குறுக்களவை 64.58 மில்லிமீற்றராகச் சிறிதளவே கூட்டி, நடைநீளத்தை 83.72 வரை நீட்டினார்கள். மூன்று மெயின் பெயாரிங்கில் தாங்கப்பட்ட கிராங்குக்கு அது நீண்ட நடைதான். அதனால்தான் 1098ஐ உயர் சுழற்சியில் தொடர்ந்து ஓட்டினால் அதிர்வு கூடுகிறது. இழுவைக்காகச் செய்த எஞ்சினை வேகத்துக்காக வருத்தக்கூடாது.

அதன் பிறகு வந்த மாற்றம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. மினியின் வேகமான வடிவமான கூப்பர் எஸ்ஸுக்காகக் குறுக்களவை 70.6 மில்லிமீற்றர் ஆக்க விரும்பினார்கள். பழைய இடைவெளியில் அத்தனை பெரிய துளைகளுக்கு இடமே இல்லை. எனவே இரண்டு ஓரச் சிலிண்டர்களையும் வெளிப்புறமாகவும், நடுவிலுள்ள இரண்டையும் ஒன்றையொன்று நோக்கி உட்புறமாகவும் சிறிது நகர்த்தி, கட்டையின் நீளத்தைக் கூட்டாமலே நான்கையும் பொருத்திவிட்டார்கள். அந்தத் துளையளவில் 1963இல் 1071 சி.சி.யும், 1964இல் 970, 1275 சி.சி.களும் வந்தன. 1071 சி.சி. கூப்பர் எஸ்ஸில்தான் பாடி ஹொப்கேர்க் 1964 மொண்டி கார்லோ ரலியை வென்றார். 1965இல் டிமோ மக்கினனும் 1967இல் ரவுனோ ஆல்டனனும் மினியிலேயே வென்றார்கள். பனி மூடிய ஆல்ப்ஸ் மலைப்பாதைகளில் நடந்த போட்டி அது என்பதை மலையகத்தவர்கள் கவனிக்க வேண்டும்.

நுவரெலியா இளைஞன்:

மலையேற்றம் என்றவுடன் எங்கள் மகாகஸ்தோட்டைப் போட்டி நினைவுக்கு வருகிறது. 1934இலிருந்தே அது நடந்துவருகிறது. ஒரு சந்தேகம், அக்கா. எங்கள் பக்கத்தில் பழைய டட்சன் சனிகளில் ஏ12 என்ற எஞ்சின் இருக்கிறது. பல மைனர்களிலும் அதைத்தான் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அதுவும் ஒஸ்டின் எஞ்சினின் பிரதிதான் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

பேராதனைப் பொறியியல் மாணவி:

தம்பி, பெரியவர்கள் சொல்வதற்கு ஓர் அடிப்படை உண்டு, ஆனால் அந்த எஞ்சினுக்கு அது பொருந்தாது. நிசான் நிறுவனம் 1952இல் ஒஸ்டினுடன் உரிம ஒப்பந்தம் செய்து, ஜப்பானில் ஒஸ்டின் கார்களைப் பொருத்தத் தொடங்கியது. அந்த அனுபவத்தின் மேல் நின்றுதான் 1950களின் பிற்பகுதியில் 988 சி.சி. எஞ்சின் ஒன்றைச் செய்தது. அது ஒஸ்டினின் பெரிய எஞ்சினான பி வரிசையின் நடைநீளத்தைக் குறைத்துப் பெறப்பட்டது. டொனால்ட் ஸ்டோன் என்ற அமெரிக்கப் பொறியாளர் அதற்கு வழிகாட்டினார்.

1966இல் முதலாவது சனியில் வந்த நிசானின் ஏ வரிசை எஞ்சின் இதிலிருந்து வேறுபட்டது. அதுவும் 988 சி.சி. என்பதாலும், எழுத்தும் ஒன்றாக இருப்பதாலும் குழப்பம் நேர்கிறது. அதன் ஹெட் அலுமினியம், 1171 சி.சி. ஏ12இல் ஐந்து மெயின் பெயாரிங்குகள். புஷ் ரொட் முறையை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார்கள். ஒஸ்டினிடம் கற்றவர்கள் ஒஸ்டின் செய்ய முடியாததைச் செய்தார்கள் என்று சொன்னால் அது இரு தரப்புக்கும் நியாயமாக இருக்கும்.

பழைய கராஜ் (ஹட்டன்):

தம்பிக்காக உயரத்தைப் பற்றியும் கொஞ்சம் எழுதுகிறேன், ஏனென்றால் நுவரெலியாவில் மைனர் வைத்திருப்பவர்கள் பலர் எஞ்சின் தேய்ந்துவிட்டது என்று தவறாக எண்ணிப் பிரிக்கிறார்கள்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் போகும் காற்று அந்த அளவுக்கு மெலிந்துவிடுவதால் வலுவும் குறையும். அதற்கு எந்தக் கராஜிலும் மருந்து கிடையாது. மெலிந்த காற்றுக்குக் கொழும்பு அளவிலேயே பெற்றோல் போய்க்கொண்டிருந்தால், பிளக்குகள் கரிபிடித்து எஞ்சின் திணறும். இதற்கு மட்டும் மருந்து உண்டு. மைனரின் எஸ்.யு. கார்பரேட்டரில், பெற்றோல் வரும் சிறுதுளையான ஜெட்டின் அடியிலுள்ள நட்டைச் சிறிது மேலே திருகினால் பெற்றோல் குறையும். எஞ்சினைச் சூடாக்கிய பிறகே இதைச் செய்ய வேண்டும். கார்பரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை இலேசாகத் தூக்கும்போது ஓட்டம் ஒரு கணம் கூடிப் பின் சீராக நின்றால் அளவு சரி. கொழும்புக்கு இறங்குமுன் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறக்கக்கூடாது, இல்லாவிட்டால் அங்கே பெற்றோல் பற்றாமல் வால்வுகள் எரியும். ஒஸ்டின் ஏ30இலும் ஏ35இலும் ஸெனித் கார்பரேட்டர் இருந்ததால் இவ்வளவு எளிதாகத் திருத்த முடியாது. ஜெட்டையே மாற்ற வேண்டிவரும். இதே எஞ்சினுக்குள் மைனர்காரருக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு அது.

நீர் கொதிப்பதும் அப்படித்தான். அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். எனவே அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால், கொழும்பில் தெரியாத குறை நானுஓயா ஏற்றத்தில் ஆவியாகத் தெரியும். ஹெட் காஸ்கட்டைக் குற்றம் சொல்லுமுன் மூடியை மாற்றிப் பாருங்கள்.

இன்னொன்று, மிகவும் முக்கியமானது. இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. ஏ வரிசையின் பழைய ஹெட்டுகளில் எக்சோஸ்ட் வால்வு உட்காரும் இடம் வார்ப்பிரும்பிலேயே கடையப்பட்டது; ஈயம் படிந்து அதைக் காத்துவந்தது. ஈயமில்லாத பெற்றோலில் அதிகச் சூட்டுடன் நீண்ட நேரம் ஓடும்போது வால்வு மெல்ல மெல்ல இரும்புக்குள் இறங்கிவிடும், வால்வுக்கும் அதை அழுத்தும் உறுப்புக்கும் இடையிலான டப்பட் இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வரும். சமவெளியில் மெதுவாக ஓடும் வண்டிக்கு இது பல ஆண்டுகள் தெரியாது. மலையில் சுமையுடன் ஏறும் வண்டிக்கு விரைவில் தெரியும். கடினமாக்கிய உருக்கு வளையங்களை ஹெட்டில் பதிப்பதே நிலையான தீர்வு. டப்பட் இடைவெளி அடிக்கடி மூடுகிறது என்று கண்டால் தள்ளிப்போட வேண்டாம்.

பண்டாரவளை ஆசிரியர்:

நண்பர் எழுதிய இந்தப் பகுதியை அச்சிட்டு ஒவ்வொரு மைனரின் கையுறைப் பெட்டியிலும் வைக்கலாம்.

நான் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசியதால், நம் நாட்டுப் பொருளாதாரத்தையும் சேர்த்துச் சொல்வது என் கடமை. 1960களின் தொடக்கத்திலிருந்து இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை புதிய கார் என்பது சாதாரண மனிதருக்கு எட்டாத பொருள். எனவே 1950களில் வந்த மைனரும் ஏ35உம் இங்கிலாந்தில் பழைய இரும்புக்குப் போன காலத்திலும் இங்கே ஓடித்தான் ஆகவேண்டியிருந்தது. மலையகத்தில் கராஜ் பாஸ்மார் பிஸ்டனையும் பெயாரிங்கையும் தேடி அலைந்து, கிடைக்காததைக் கடைசல் பட்டறையில் செய்து, அந்த வண்டிகளைக் காப்பாற்றினார்கள். இந்தக் கைத்திறன் வீணாகவில்லை. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொரிஸ் மைனர் மையத்துடன் இணைந்து, இலங்கையில் மைனருக்கான உதிரிப்பாகங்கள் செய்யப்பட்டு அங்கே அனுப்பப்பட்டன. 1971இல் தன் தாயகத்தில் உற்பத்தி நின்றுபோன ஒரு காருக்கு, அதைப் பல ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் பேணிவந்தவர்கள் உதிரிப்பாகம் செய்து கொடுத்தார்கள் என்பது நம் தொழிலாளர்களின் வரலாற்றில் எழுதப்பட வேண்டிய செய்தி.

ராம்பொடைப் பாதை (கொத்மலை):

ஐயா இதை எழுதியதற்கு மிக்க நன்றி. கட்டையின் வெளியளவு மாறாமல் இருந்தது லோங்பிரிட்ஜின் கணக்குப் புத்தகத்துக்காகத்தான் என்று வைத்துக்கொண்டாலும், அதன் பலன் நமக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. 803 நின்ற இடத்தில் 948ஐயோ 1098ஐயோ தூக்கி வைக்க முடிகிறது என்பதாலேயே பல வண்டிகள் உயிரோடு இருக்கின்றன. இன்னும் இரண்டு கேள்விகள். கடைசி மினிகளில் பெற்றோலை ஊசிமுனையால் தெளிக்கும் முறை வந்தது என்று படித்தேன். ஐந்து வாயில் ஹெட்டில் அது எப்படி இயன்றது? மற்றது ஹட்டன் நண்பருக்கு: என் வண்டி 1950களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது, அதன் 803 இப்போது மிகவும் தேய்ந்துவிட்டது. எதைப் போடுவது நல்லது?

பேராதனைப் பொறியியல் மாணவி:

முதற்கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். எரியும் வரிசை 1, 3, 4, 2. முதலாம், இரண்டாம் சிலிண்டர்கள் ஒரே உள்வாயிலைப் பகிர்கின்றன. வரிசையைப் பார்த்தால் இரண்டாவது மூச்சிழுத்த உடனேயே முதலாவது இழுக்கிறது. அதேபோல மூன்றாவதுக்குப் பின் நான்காவது. இரண்டும் அடுத்தடுத்து இழுப்பதால் கலவை சமமாகப் பிரிவதில்லை. பிறகு நீண்ட இடைவெளி வருகிறது. கார்பரேட்டர் உள்ளவரை இந்த ஏற்றத்தாழ்வைச் சகித்துக்கொண்டார்கள். 1990களில் புகைக் கட்டுப்பாடுகள் கடுமையானபோது முதலில் ஒரே தெளிப்பானைப் பொதுவாக வைத்தார்கள். 1996இல், வாயிலுக்கு ஒன்றாக இரண்டு தெளிப்பான்களைப் பொருத்தி, எந்தச் சிலிண்டர் இழுக்கும் கணத்தில் எவ்வளவு தெளிக்க வேண்டும் என்பதைக் கணினி பிரித்துக் கணக்கிடும்படி செய்தார்கள். 1951இல் புஷ் ரொட்டுக்கு வழிவிட்டதால் நேர்ந்த குறையை 45 ஆண்டுகளுக்குப் பின் மின்னணுவியல் ஈடுசெய்தது. ஆனால் மெட்ரோ 1990இலேயே புதிய கே வரிசை எஞ்சினுக்கு மாறிவிட்டது. அதன் பிறகு ஏ வரிசையைப் பத்தாண்டு தாங்கியது பெரும்பாலும் மினிதான்.

பழைய கராஜ் (ஹட்டன்):

உங்கள் வண்டிக்கு என் பரிந்துரை 1098. 948உம் நல்லது, ஆனால் குடும்பத்தோடும் சாமான்களோடும் மலையேறுபவருக்கு 1098இன் இழுவை வேறு.

வாங்கும்போது விற்பவரின் வாயை நம்ப வேண்டாம், கட்டையில் பொறித்த இலக்கத்தைப் பாருங்கள். பின்வந்த எஞ்சின்களில் அது 9 என்ற எண்ணுக்குப் பின் எழுத்துடன் தொடங்கினால் 948, 99 என்று தொடங்கினால் 998, 10 என்றால் 1098, 12 என்றால் 1275. இலக்கத்தகடு மாற்றப்பட்டிருக்கவும் கூடும் என்பதால், ஹெட்டைக் கழற்ற அனுமதித்தால் நடைநீளத்தையும் அளந்து பாருங்கள். மினியிலிருந்தோ 1100 என்ற காரிலிருந்தோ எடுத்த எஞ்சினை மலிவு என்று வாங்காதீர்கள். அவை குறுக்காக வைக்கச் செய்யப்பட்டவை. கிராங்கின் பின்முனையே வேறு, மைனரின் பிளைவீலும் கிளச்சும் அதில் ஏறாது. மொரிஸ் மரீனா காரிலோ எம்.ஜி. மிட்ஜெட் காரிலோ இருந்து வந்த 1275 கிடைத்தால், உங்கள் பழைய எஞ்சினின் முன்தகட்டையும் பின்தகட்டையும் மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம். ஆனால் முன் பிரேக்கைப் பெரிதாக்காமல் அதைப் போட்டு ராம்பொடையில் இறங்க நான் சம்மதிக்க மாட்டேன்.

எஞ்சினோடு கியர் பெட்டியையும் சேர்த்து எடுங்கள். பின்அச்சில் இப்போது இருப்பது 5.286 என்றால் 1098 அதில் வீணாகச் சுழலும், பெற்றோலும் போகும். 4.22 கிடைத்தால் கண்டியிலிருந்து வரும் நேர்ப்பாதைக்கு நல்லது. நீங்கள் பெரும்பாலும் கொத்மலைக்கும் நுவரெலியாவுக்கும் இடையில்தான் ஓடுகிறீர்கள் என்பதால், 4.55ஐத் தேடிப் போடுங்கள். ஹெட்டை வண்டியில் ஏற்றுமுன் உருக்கு வளையம் பதித்துவிடுங்கள். தேய்ந்த 803இன் கட்டையை எறிய வேண்டாம். அதன் இலக்கம் உங்கள் பதிவுப் புத்தகத்தில் இருக்கும், மாற்றத்தைப் பதிவுசெய்து முடிக்கும்வரை அது கையில் இருக்க வேண்டும்.